மலை இறங்கும் முன்: வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளோடு நீலகிரியில் வேலை செய்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பந்தலூர் பக்கம், எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடு ஒன்றில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பார்த்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை. காது பரிசோதனைக்காகக் கீழே போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா இரண்டு நாள் தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலையை விட்டுவிட்டு, குழந்தையைத் துணியில் கட்டிக்கொண்டு, மூன்று பஸ் மாறிப் போயிருக்கிறார். அன்று பரிசோதனை செய்கிறவர் விடுப்பு. வெறுங்கையோடு திரும்பியவர் அடுத்த ஏழு மாதம் என் கண்ணில் படவே இல்லை. முன்னாலேயே ஒரு போன் செய்து நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தக் குழந்தைக்குச் செவிக் கருவி மாட்ட அதனால்தான் அத்தனை தாமதமானது.

அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், சிறப்பு ஆசிரியர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர் என்று இந்த மலையில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு வேலை செய்கிற எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். இங்கே ஒரு பரிந்துரைச் சீட்டின் விலை ஒரு நாள் கூலி, சில நேரம் இரண்டு நாள் கூலி. கீழே வரும் ஒவ்வொரு படியையும் அதை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

படி 1: பிள்ளையைப் பார்க்கும் முன் வீட்டின் நாளைக் கேளுங்கள்

முதல் சந்திப்பில் படிவத்தை எடுக்காதீர்கள். "காலையில எந்திரிச்சதிலிருந்து தூங்குற வரைக்கும் வீட்ல என்னென்ன நடக்கும், சொல்லுங்கக்கா" என்று கேளுங்கள். யார் குளிப்பாட்டுகிறார், யார் ஊட்டுகிறார், அம்மா எத்தனை மணிக்குத் தோட்டத்துக்குப் போகிறார், பகலில் பிள்ளை யாரிடம் இருக்கிறது. பல வீடுகளில் பயிற்சி சொல்லித்தர வேண்டிய ஆள் அம்மாவே இல்லை. பாட்டியாக இருப்பார், எட்டு வயது அக்காவாக இருப்பார், எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்து ஆயாவாக இருப்பார். 1951-ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 50 பெண் தொழிலாளர்களோ அதற்கு மேலோ இருக்கும் எஸ்டேட்டில் காப்பகம் வைக்கச் சொல்லியிருந்தது. அந்த ஆயாவை உங்கள் குழுவில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை கண் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அவர் கையில்தான் போகிறது.

வீட்டுக்குப் போகும் நேரமும் முக்கியம். கூடலூர், பந்தலூர் பக்கம் யானை நடமாட்டம் உள்ள இடங்களில் விடியற்காலையும் இருட்டியபின்பும் நடக்கக் கூடாது. வேலை முடிந்து வந்து அடுப்பு மூட்டும் நேரத்தில் போய் நின்றால் அந்த அம்மாவால் நம்மிடம் பேச முடியாது. வார விடுமுறை நாளைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம், வீட்டு மொழி. ஒரே அங்கன்வாடியில் படகர் மொழி பேசும் பிள்ளை, பணியர் பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளை, மலையாளம் பேசும் பிள்ளை, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் பேரப்பிள்ளை, ஜார்க்கண்டிலிருந்து தேயிலை வேலைக்கு வந்தவர்களின் பிள்ளை எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். நம் தமிழ்க் கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதற்காகப் பேச்சு வரவில்லை என்று எழுதிவிடக் கூடாது. வீட்டு மொழியில் எத்தனை சொல் சொல்கிறது என்று வீட்டாரைக் கேட்டு எழுதுங்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை. "வீட்ல தமிழ்லயே பேசுங்க" என்று சொல்லி, பாட்டியிடமிருந்து பிள்ளையைப் பிரித்துவிடாதீர்கள். நம் ஆட்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் தவறுகளில் இதைத்தான் நான் அதிகமாகப் பார்த்திருக்கிறேன்.

படி 2: கண்ணால் பாருங்கள், பிறகு அட்டையால் அளந்து பாருங்கள்

குறைமாதக் குழந்தையாக இருந்தால் முதலில் வயதைத் திருத்திக்கொள்ள வேண்டும். 32 வாரத்தில் பிறந்த குழந்தை 40 வாரத்துக்கு 8 வாரம் முன்னால் வந்திருக்கிறது. அந்த இரண்டு மாதத்தைக் கழித்துத்தான் வளர்ச்சியைப் பார்க்க வேண்டும். 2 வயது வரை இப்படிக் கழிக்கலாம்.

கையில் இருக்கும் முதல் கருவி தாய் சேய் நல அட்டை. எடையும் தடுப்பூசியும் எழுதப்படும் அந்த அட்டையிலேயே வளர்ச்சிப் படிகள் படத்தோடு இருக்கின்றன. பெரும்பாலான வீடுகளில் அந்தப் பக்கங்களில் ஒரு கோடு கூட விழுந்திருக்காது.

அடுத்தது திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணை. திருவனந்தபுரத்துக் குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவானது. 2 வயது வரைக்குமான அட்டவணையில் 17 செயல்கள்தான். பிள்ளையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வையுங்கள். பென்சிலுக்கு இடது பக்கம் முடிந்துவிட்ட செயல்கள் எல்லாம் பிள்ளைக்கு வந்திருக்க வேண்டும். ஒன்று வராவிட்டாலும் மேற்கொண்டு பார்க்க வேண்டும். 5 நிமிட வேலை, லைன் வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம். 6 வயது வரைக்குமான அட்டவணையும் இருக்கிறது.

ஆட்டிசத்துக்கு, 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கு எம்-சாட் கேள்விகள் 20. இலவசமாகக் கிடைக்கிறது. மதிப்பெண் 0 முதல் 2 என்றால் இப்போதைக்குக் கவலையில்லை. 3 முதல் 7 என்றால் தொடர் கேள்விகளைக் கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேராக மதிப்பீட்டுக்கு அனுப்பலாம். கேள்வியை அச்சில் இருப்பதுபோலவே வாசிக்காமல், ஊர் உதாரணத்தோடு கேளுங்கள். "எதிர் மேட்டுல காட்டெருமை மேயுதுன்னா, உங்களுக்குக் காட்டணும்னு விரலை நீட்டுறானா? காட்டிட்டு உங்க முகத்தைத் திரும்பிப் பாக்குறானா?" தனக்கு வேண்டியதை வாங்கத் தாயின் கையைப் பிடித்து இழுப்பது வேறு, பார்த்ததைப் பகிர்ந்துகொள்ள விரல் நீட்டுவது வேறு. இந்த வித்தியாசம் புரிந்தால் பாதி எம்-சாட் புரிந்த மாதிரி.

அட்டை இல்லாத நாளிலும் மறக்கக் கூடாத சில அடையாளங்கள் உண்டு. 2 மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, 4 மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை, 9 மாதம் தாண்டியும் உட்காரவில்லை, 18 மாதத்திலும் நடக்கவில்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, 2 வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், தானாக உட்கார 9.2 மாதமும் தானாக நடக்க 17.6 மாதமும் வெளி எல்லைகள். ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால், "இடக்கைப் பழக்கம்" என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள். அது மறு கையின் பலவீனமாக இருக்கலாம். வந்த பேச்சோ பழக்கமோ எந்த வயதில் திரும்பிப் போனாலும் காத்திருக்கக் கூடாது.

"அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு", "வசம்பு தேய்ச்சா சரியாயிடும்" என்று சொல்வார்கள். சண்டை போடாதீர்கள். "சரி, அதுவரைக்கும் காதை மட்டும் ஒரு தடவை பாத்துடுவோம்" என்று சொல்லுங்கள். அந்தச் சொல்லுக்கு எந்த வீட்டிலும் எனக்கு மறுப்பு வந்ததில்லை.

படி 3: காத்திருக்கக் கூடாதவை

பரிந்துரைகளைச் சேர்த்து ஒரே பயணமாக ஆக்கச் சொல்லப்போகிறேன். அதற்கு முன், எதைச் சேர்த்து வைக்கவே கூடாது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

3 முதல் 12 மாதக் குழந்தை தூங்கி எழுந்தவுடன் தலையைச் சட்சட்டென்று கவிழ்ப்பது, கைகளை விரித்து உடம்பைக் குறுக்குவது, அதுவும் தொடர்ச்சியாகப் பத்து இருபது தடவை. வீட்டில் "பயந்துக்குது", "வயிறு வலிக்குது" என்பார்கள். இது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். ஒவ்வொரு வாரத் தாமதமும் மூளையைப் பாதிக்கும். போனில் வீடியோ எடுக்கச் சொல்லி, அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வீடியோ இல்லாமல் போனால், டாக்டர் முன்னால் பிள்ளை அமைதியாக இருக்கும், ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடக்க வேண்டும். 28 வாரத்துக்கும் முன் பிறந்திருந்தால் இன்னும் சீக்கிரம், 2 அல்லது 3 வாரத்துக்குள். பனியில் குழந்தையை வெளியே கொண்டுபோகப் பயந்து வீட்டிலேயே வைத்திருப்பார்கள், அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அந்த 30 நாள் போனால் பார்வை திரும்பாமல் போகலாம். நெஞ்சோடு நெஞ்சாக அணைத்து, கம்பளி போர்த்தி, வண்டி ஏற்பாடு செய்து அனுப்புங்கள்.

காதுக்கு 1-3-6 என்று நினைவு வையுங்கள். 1 மாதத்துக்குள் முதல் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி செய்வது, 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் உள்வைப்பு அறுவைச் சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சின்னக் குழந்தைகளுக்குக் கிடைக்கிறது. வயது ஏற ஏறப் பலன் குறையும்.

இந்த மலைக்கே உரிய இன்னொன்று அரிவாள் செல் ரத்தசோகை. இந்தியாவில் அரிவாள் செல் முதன்முதலில் 1952-ல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான் கண்டறியப்பட்டது. ரத்தம் குறைந்து சோர்ந்து கிடக்கும் பிள்ளை மந்தமான பிள்ளையாகத் தெரியும். இந்த நோய் உள்ள குழந்தைக்குத் திடீரென்று ஒரு பக்கக் கை கால் தளர்ந்தால், வாய் கோணினால், அது பக்கவாதம். உடனே ஆஸ்பத்திரி. ஆதிவாசிக் குடும்பத்துப் பிள்ளைக்குத் தாமதம் தெரிந்தால் அரிவாள் செல் சோதனை நடந்ததா என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

படி 4: சொல்லும் விதம்

அம்மா அப்பா இருவரும் இருக்கும்போது, அண்டை வீட்டார் இல்லாதபோது சொல்லுங்கள். முடிந்தால் பாட்டியையும் உட்கார வையுங்கள். வீட்டில் முடிவெடுப்பது பல நேரம் அவர்தான். பிள்ளையின் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள். பிள்ளைக்கு என்ன வருகிறது என்று முதலில், என்ன வரவில்லை என்று பிறகு. நோயின் பெயரை நாமாகச் சூட்டக் கூடாது. அது மருத்துவரின் வேலை. "தலை இன்னும் நிக்கல, ஏன்னு பாக்கணும், பாக்குற வரைக்கும் நாம சும்மா இருக்க வேண்டாம், இன்னைக்கே ரெண்டு விஷயம் ஆரம்பிக்கலாம்." இவ்வளவு போதும்.

"எங்க தப்பா?" என்று அம்மா கேட்பார். கேட்காவிட்டாலும் மனதுக்குள் அதுதான் ஓடும். கிரகணத்தில் வெளியே வந்தாய், சொந்தத்தில் கட்டினாய், மூட்டை தூக்கினாய் என்று ஊரே அவரைச் சொல்லியிருக்கும். "உங்க தப்பு இல்லம்மா" என்று வாய் திறந்து, அவர் மாமியார் காதில் விழும்படி சொல்லுங்கள். அன்று அவர் அழுதால் அழட்டும். அடுத்த வாரம் திரும்பிப் போங்கள். முதல் நாள் சொன்னதில் பாதிதான் மனதில் நின்றிருக்கும்.

படி 5: ஒரு கோப்பு, ஒரு ஆள், ஒரு பயணம்

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை. முதல் தாளில் பிறந்த வாரம், எடை, பிறந்தவுடன் அழுததா, வலிப்பு உண்டா, என்ன மருந்து, எந்த அட்டவணையில் என்ன வந்தது, இன்னும் என்ன பார்க்க வேண்டும், எல்லாம் ஒரே பக்கத்தில். பின்னால் தாய் சேய் அட்டையின் நகல், ஸ்கேன், சீட்டுகள். உறை வீட்டில் இருக்கட்டும், நம்மிடம் ஒரு போட்டோ நகல். லைன் வீட்டில் ஈரமும் புகையும் அதிகம் என்பதால் உறை கட்டாயம்.

அடுத்து, அந்தக் குடும்பத்துக்கென்று ஒரே ஒரு ஆள். செவிலியர் ஒன்று சொல்லி, பிசியோ ஒன்று சொல்லி, சிறப்பு ஆசிரியர் மூன்றாவது சொன்னால் அந்த அம்மா எதையும் செய்ய மாட்டார். யார் அடிக்கடி அந்த வீட்டுக்குப் போகிறாரோ அவரே பொறுப்பாளர். மற்றவர்கள் அவர் வழியாகப் பேசட்டும்.

இப்போது பயணம். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு வருடத்துக்கு இரண்டு முறை வர வேண்டும். அதன் வழியாக மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையத்துக்குப் பிள்ளையைப் பதியலாம். குழந்தை மருத்துவர், பிசியோ, பேச்சு, கேட்பியல், உளவியல் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பதுதான் அந்த மையத்தின் நோக்கம். ஊட்டியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்தபிறகு கோவைக்கு இறங்க வேண்டிய அவசியம் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. ஆனாலும் கூடலூரிலிருந்து ஊட்டி என்பதும் மலை ஏற்றம்தான், வாந்தி எடுத்து வதங்கிப்போன பிள்ளையைச் சோதித்தால் உண்மை நிலை தெரியாது. முடிந்தால் முந்தின நாளே சொந்தக்காரர் வீட்டில் தங்கச் சொல்லுங்கள்.

போகும் முன் போன் செய்யுங்கள். எந்தக் கிழமை யார் இருக்கிறார்கள், எந்தக் கருவி வேலை செய்கிறது, காலையில் எத்தனை மணிக்குள் டோக்கன், ஆதாரும் காப்பீட்டு அட்டையும் வேண்டுமா. காது, கண், ரத்தம், தைராய்டு, சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே நாளில் அடக்கப் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவால் பாதை மூடும், கூடலூர் பக்கம் ஜூன், ஜூலை மழை. வலிப்பு மருந்து குடிக்கும் பிள்ளைக்கு அந்த மாதங்களில் கூடுதலாக இரண்டு வார மருந்து கையிருப்பில் இருக்க வேண்டும். மருந்து திடீரென நின்றால் வலிப்பு மோசமாகத் திரும்பும்.

படி 6: பயிற்சியைச் சமையலறைக்குள் கொண்டுபோங்கள்

பத்துப் பயிற்சி எழுதிய தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு வந்த காலம் எனக்கும் உண்டு. ஒரு வீட்டிலும் நடக்கவில்லை. இப்போது ஒரு மாதத்துக்கு இரண்டே இலக்கு, இரண்டும் அந்த வீட்டில் ஏற்கெனவே நடக்கிற வேலைக்குள். "எது நடந்தா உங்களுக்குக் கொஞ்சம் லேசா இருக்கும்?" என்று கேளுங்கள். நடக்க வேண்டும் என்று சொல்வார்கள் என்றுதான் நாம் நினைப்போம். ஒரு அம்மா சொன்னார், "அரை மணி நேரம் சாய்ஞ்சு உக்காந்தான்னா நான் சோறு வடிச்சிருவேன்." அதுதான் இலக்கு. உட்காரும் மூலை நாற்காலி செய்தோம், அடுப்படி தெரியும் இடத்தில் வைத்தோம். அம்மா வேலை செய்துகொண்டே பேச, பிள்ளை முகம் பார்த்து ஓசை எழுப்பத் தொடங்கியது. ஒரு நாற்காலியால் முதுகும் பேச்சும் சோறும் சேர்ந்து நடந்தன.

நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை. அட்டைப்பெட்டிகளைப் பசை போட்டு அடுக்கிச் செய்வது மலிவு, சமவெளியில் நன்றாக உழைக்கும். இங்கே மூடுபனி ஈரத்தில் இளகிவிடும். சில்வர் ஓக் பலகையில் உள்ளூர் ஆசாரியிடம் செய்வதே மேல். இடுப்பு, முழங்கால், பாதம் மூன்றும் செங்கோணத்தில் மடிந்து, பாதம் எதன் மேலாவது பதிய வேண்டும். பிள்ளையை உட்கார வைத்து அளவெடுங்கள், வயதைச் சொல்லி அளவெடுக்காதீர்கள்.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையின் தசை குளிரில் இன்னும் இறுகும். ஊட்டி, குந்தா பக்கம் உறைபனிக் காலத்தில் காலை எழுந்தவுடன் நீட்டல் பயிற்சி செய்தால் பிள்ளை கத்தும், அம்மா விட்டுவிடுவார். வெந்நீர்க் குளியலுக்குப் பிறகு, எண்ணெய் தேய்த்துத் துணி மாற்றும்போது செய்யச் சொல்லுங்கள். மெதுவாக நீட்டி, பிடித்து, விட வேண்டும். சூடேற்றக் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைப்பதை மட்டும் கண்டிப்பாகத் தடுங்கள்.

கால்கள் கத்தரி போலப் பின்னிக்கொள்ளும் பிள்ளையைத் தொட்டில் மாதிரிக் கையில் ஏந்தாமல், நம் வழக்கப்படி இடுப்பில் கால் இரண்டும் விரிந்திருக்கத் தூக்கச் சொல்லுங்கள். இடுப்பு மூட்டுக்கு நல்லது, பிள்ளைக்கும் எதிரே உலகம் தெரியும். நடக்காத பிள்ளைக்கு வருடத்துக்கு ஒரு முறையாவது இடுப்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வலி வருவதற்குள் மூட்டு விலகிவிடும்.

சாப்பாடு ஊட்டும்போது பிள்ளை மல்லாந்து படுத்திருக்கக் கூடாது. தலை பின்னால் சாய்ந்தால் உணவு மூச்சுக்குழாயில் போகும். நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாய் கொஞ்சம் கீழே, கரண்டி எதிரிலிருந்து வாய் மட்டத்தில் வர வேண்டும். தண்ணீர்க் கஞ்சியைவிடக் கெட்டியான கஞ்சி பல பிள்ளைகளுக்கு விழுங்க எளிது. அடிக்கடி சளி, காய்ச்சல், சாப்பிடும்போது இருமல் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

விளையாட்டுப் பொருளுக்கு அலைய வேண்டாம். உள்ளங்கையில் பருப்பு கடையும் விளையாட்டு, கையில் நண்டு ஊர்ந்து ஏறும் கிச்சுகிச்சு, மடியில் உட்கார வைத்துச் சாய்ந்தாட வைப்பது, இவை முறை மாற்றிப் பழகுவதையும் காத்திருப்பதையும் உடல் சமநிலையையும் சொல்லித் தருகின்றன. நண்டு ஏறும் முன் ஒரு நொடி நிறுத்துங்கள். "இன்னும்" என்று பிள்ளை கண்ணாலோ கையாலோ கேட்கும் அந்த நொடிதான் பேச்சின் தொடக்கம். இதை அம்மாவுக்கு ஒரு முறை செய்து காட்டி, அடுத்து அவர் செய்வதை நாம் பார்க்க வேண்டும். அவர் செய்வதை வீடியோ எடுத்து அவர் போனிலேயே வைத்தால் அப்பாவும் பாட்டியும் பார்த்துப் பழகுவார்கள்.

2024-ல் மத்திய அரசு வெளியிட்ட நவசேத்னா கையேட்டில் 3 வயது வரைக்கும் மாதவாரியாக 140 செயல்பாடுகள் இருக்கின்றன. யோசனை வறண்டுபோகும் நாளில் உதவும்.

படி 7: தாள் வேலை

சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் பிறப்புச் சான்றிதழும் குழந்தை ஆதாரும் இருக்கிறதா பாருங்கள், பல குடும்பங்களில் சிக்கல் அங்கேதான் தொடங்கும். அப்புறம் மாற்றுத்திறனாளி தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பம். 2016-ஆம் வருடச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது, 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் பெரும்பாலான உதவிகளுக்குத் தகுதி. 5 வயதுக்குள் பொது வளர்ச்சித் தாமதம் என்று தற்காலிகச் சான்றிதழ்தான் கிடைக்கும், புதுப்பிக்கும் தேதியைக் கோப்பின் முதல் தாளில் எழுதுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாநில அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்குக் கேளுங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நிராமயா காப்பீடு வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது, தெரபிச் செலவும் அதில் சேரும்.

படி 8: யாரிடம் கேட்பது, யாரோடு சேர்வது

அங்கன்வாடி மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான நடைமுறை வழிகாட்டி 2023 நவம்பரில் மத்திய அரசால் வெளியானது. ஒரு பிள்ளையை "எங்களால பாத்துக்க முடியாது" என்று அங்கன்வாடி திருப்பி அனுப்பினால் அதைக் கையில் வைத்துப் பேசுங்கள். அந்தப் பணியாளரையும் குறை சொல்ல முடியாது, இருபது பிள்ளைகளுக்கு நடுவில் அவர் ஒருவர். முதல் வாரம் நீங்களே ஒரு மணி நேரம் கூட உட்காருங்கள்.

3 வயதானவுடன் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரிடம் பெயரைக் கொடுத்துவிடுங்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று வட்டாரம் நான்கு. ஆதிவாசிக் கிராமங்களுக்குத் தனியாகப் போய் நிற்பதைவிட, கூடலூரில் 1990-லிருந்து இயங்கும் அஸ்வினி என்ற தொண்டு அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனைப் பணியாளர்களோடும், கோத்தகிரியில் 1958-ல் தொடங்கிய நீலகிரி ஆதிவாசி நலச் சங்கத்தோடும் சேர்ந்து போவது நல்லது. அந்த ஊர்ச் சுகாதாரப் பணியாளர் அதே ஊர்க்காரர், மொழியும் தெரியும், எந்த வீட்டில் எப்போது போகலாம் என்றும் தெரியும்.

படிக்கவும் பயிற்சி எடுக்கவும் சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் 2005-ல் தொடங்கிய, எல்லோரும் நிப்மெட் என்று சொல்லும், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. தென்காசி பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் கிராமப் பணியாளர்களை வீட்டுக்கே அனுப்பி ஆரம்பப் பயிற்சி தரும் முறையை வளர்த்திருக்கிறது. மலைக்குப் பொருந்தும் முறை அது. வாய்ப்புக் கிடைத்தால் நேரில் போய்ப் பார்த்து வாருங்கள்.

அம்மாவின் தூக்கத்தையும் சாப்பாட்டையும் ஒவ்வொரு சந்திப்பிலும் கேளுங்கள். மனம் உடைந்து பேசினால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசுவார்கள். ஒரே எஸ்டேட்டில் இப்படி இரண்டு மூன்று வீடுகள் இருந்தால் அம்மாக்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்துங்கள். நாம் ஒரு வருடம் சொல்லியும் நடக்காதது, இன்னொரு அம்மா ஒரு தேநீர் நேரத்தில் சொன்னால் நடந்துவிடுகிறது.

கடைசியாக, குடும்பம் எஸ்டேட் மாறும்போது. வேலை குறைந்தால் சொல்லாமல் திருப்பூருக்கோ கேரளாவுக்கோ போய்விடுவார்கள். அதனால் முதல் மாதத்திலேயே இரண்டு போன் எண்கள் வாங்கி வையுங்கள், ஒன்று வீட்டாருடையது, மற்றொன்று ஊரில் இருக்கும் சொந்தக்காரருடையது. போன இடத்தின் அங்கன்வாடிக்கு நீங்களே பேசி, அந்தப் பிளாஸ்டிக் உறை பையில் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டுவிடுங்கள்.